மகாவிஷ்ணு, மைல்ஸ், சக்தி: தாளம் தெரிந்த காது ஜாஸ்-ராக் ஃப்யூஷனை எங்கே தொடங்குவது?

#1 கண்டநடை

வணக்கம். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு ஜாஸ்-ராக் ஃப்யூஷனில், அதாவது ஜாஸும் ராக்கும் கலந்த இசையில், பாதி சுலபம், பாதி இருட்டு. 5, 7, 9 என்று கணக்கு வந்தால் கை தானாகப் போட்டுவிடுகிறது. ஆனால் சோலோ வாசிப்பவர் ஏன் அங்கே திரும்பினார், ஏன் அங்கே நிறுத்தினார் என்று பிடிபடுவதில்லை. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1973), மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ (1970) இரண்டையும் முழுதாகக் கேட்டாயிற்று. முதலாவது கணக்காகவே காதில் நிற்கிறது, இரண்டாவது கூட்டமாக நிற்கிறது.

எந்த ஆல்பத்தில் தொடங்கி எந்த வரிசையில் போவது? கேட்கும்போது எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது? சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு இல்லாமல் இதையெல்லாம் எப்படி ஒலிக்க வைப்பது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், படிக்கப் பொறுமை உண்டு.

#2 சமம்_தேடி

தம்பி, கையில் இருக்கும் சாவியை முதலில் பயன்படுத்துங்கள். டேவ் ப்ரூபெக் குழுவின் ‘டைம் அவுட்’ (1959) ஃப்யூஷன் இல்லைதான், ஆனால் எண்ணப் பழக அதைவிடத் தெளிவான ஆல்பம் கிடையாது. ‘டேக் ஃபைவ்’ 5: தகிட தக, தகிட தக. பியானோ அதே வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். ‘ப்ளூ ரோண்டோ’ 9. ஆனால் நம் சங்கீர்ணம் மாதிரி 4+5 என்று போட்டால் இடறும். அங்கே தக தக தக தகிட, அதாவது 2+2+2+3. இதை மூன்று முறை சொன்ன பிறகு நாலாவது முறை தகிட தகிட தகிட என்று 3+3+3 வரும். அந்த நாலாவதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். கூட்டினால் இதுவும் 9தான், சொல்கட்டுதான் வேறு.

அடுத்து ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தலைப்புப் பாட்டு. சேகண்டி ஒலி அடங்கியதும் கிட்டார் தொடங்கும். 18 எண்ணிக்கை. தகிடதக, தகிடதக, தகிடதக, தகிட. அதாவது 5+5+5+3. வயலின் மேலே நீண்ட ஸ்வரம் பிடிக்கும்போது கிட்டாரை விட்டுவிடாதீர்கள். கணக்கு கிட்டாரில் இருக்கிறது. அதே குழுவின் முதல் ஆல்பம் ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’ (1971). அதில் ‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ 9, ‘டான்’ 7.

இதற்குப் பிறகு நேராக சக்தி குழு. மகாவிஷ்ணுவின் அதே கிட்டார்க்காரர் ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம், ஆர். ராகவன். 1975இல் மேடையில் பதிவான முதல் ஆல்பம். ‘ஜாய்’ 18 நிமிடம், நமக்குத் தெரிந்த மொழி. அங்கிருந்து மற்றதெல்லாம் தானாகத் திறக்கும்.

#3 கீழ்ஸ்தாயி

எண்ணும் பகுதியை ஏற்கிறேன். சக்தியை வாசலாக வைப்பதை ஏற்கவே முடியாது.

காரணம் சொல்கிறேன். சக்தியில் பேஸ் கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறுவது மிகக் குறைவு. சுருதி நின்ற இடத்தில் நிற்கிறது. கர்நாடகக் காது அதை ஒரு கச்சேரியாகவே கேட்டுவிடும், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது. தம்பிக்குப் பிடிபடாதது கணக்கு இல்லை. ஜாஸில் சுருதியே நகர்கிறது, அதுதான் பிடிபடவில்லை. அதைக் கேட்கப் பழகாவிட்டால் 18 எண்ணினாலும் 19 எண்ணினாலும் சோலோ விளங்காது.

இதற்குச் சிறந்த பாடம் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959) ஆல்பத்தின் ‘ஸோ வாட்’. கட்டைக் கணக்கில், அதாவது ஆர்மோனியக் கட்டையை வைத்துச் சுருதியைச் சொல்லும் முறையில், சொல்கிறேன். கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள், சுருதி 2 கட்டை. ஆதி தாளம் ஒரு களையாகப் போடுங்கள். 8 ஆவர்த்தனம் 2 கட்டையில் போகும். பிறகு மொத்தமாக 2½ கட்டைக்கு ஏறி அதே கரகரப்பிரியா 4 ஆவர்த்தனம். பிறகு இறங்கி 2 கட்டையில் 4 ஆவர்த்தனம். ஆக 16 ஆவர்த்தனம், அவர்கள் கணக்கில் 32 பார் (4 எண்ணிக்கை ஒரு பார்). இது ஒரு சுற்று. தொடக்கத்தில் பியானோவும் பேஸும் தாளமில்லாமல் வாசிக்கும் பகுதியை எண்ணாதீர்கள். பேஸ் கேள்வி கேட்டு மற்றவர்கள் இரண்டு ஸ்வரத்தில் பதில் சொல்லத் தொடங்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள். மைல்ஸ் இரண்டு சுற்று வாசிக்கிறார், பிறகு சாக்ஸஃபோனில் கோல்ட்ரேன் இரண்டு, ஆடர்லி இரண்டு.

2 கட்டையிலிருந்து 2½ கட்டைக்குப் போகும்போது இரண்டு ஸ்வரம்தான் பொதுவாக மிஞ்சும். முன்பு காந்தாரமாக இருந்தது இப்போது ரிஷபம், முன்பு நிஷாதமாக இருந்தது இப்போது தைவதம். கிரகபேதத்தில் ஸ்வரங்கள் அப்படியே நிற்க, ஆதாரம் மட்டும் மாறும். இங்கே ஆதாரமும் மாறுகிறது, மற்ற ஐந்து ஸ்வரமும் மாறுகின்றன. வாசிப்பவர் அந்த மடிப்பை எப்படித் தாண்டுகிறார் என்பதில்தான் கலை இருக்கிறது. பொது ஸ்வரத்தைப் பிடித்து வழுக்கிப் போகலாம், ஒரு கணம் நிறுத்தி மறுபக்கத்தில் புதிதாகத் தொடங்கலாம். தானி ஆவர்த்தனத்தில் கோர்வை சமத்துக்கு (தாளத்தின் முதல் அடிக்கு) வரும்போது கிடைக்கும் நிறைவு இங்கே அந்த மடிப்பில் கிடைக்கும். சமத்தில் தேடினால் ஏமாற்றம்தான்.

பாட்டோடு தம்பூரா செயலியில் 2 கட்டையை மெல்ல ஒலிக்க விடுங்கள். 8 ஆவர்த்தனம் ஒட்டிப் போகும், அடுத்த 4இல் காது கூசும், பிறகு மறுபடி ஒட்டும். நாலைந்து முறை செய்தால் தம்பூரா இல்லாமலே அந்தக் கூச்சம் எங்கே வரும் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு ஃப்யூஷனுக்கு வாருங்கள்.

#4 பொங்கோல்_இரவு

தம்பூரா யோசனை பிரமாதம் அண்ணே. அப்போ ஃப்யூஷனில் முதல் ஆல்பம் எது?

#5 கீழ்ஸ்தாயி

மைல்ஸின் ‘இன் எ சைலண்ட் வே’ (1969). சந்தேகமே வேண்டாம். அந்தத் தலைப்புப் பாட்டை ஜோ ஜாவினுல் நிறையக் கோர்டுகளோடு எழுதிக் கொண்டுவந்தார். மைல்ஸ் கோர்டுகளையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஆதாரத்தின் மேல் வாசிக்க வைத்தார். 3 கட்டை. நம் காதுக்கு அது உடனே வீடு. இரண்டாம் பக்கத்தில் முதல் 4 நிமிடமும் கடைசி 4 நிமிடமும் ஒரே பதிவு. தயாரிப்பாளர் டியோ மசெரோ நாடாவை நகலெடுத்து ஒட்டினார். திரும்பி வரும்போது அது வேறு பாட்டு மாதிரி கேட்கும், மாறியது நம் காதுதான். நடுவில் டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ் எவ்வளவு நேரம் அடக்கி வாசிக்கிறார், எப்போது அவிழ்த்துவிடுகிறார் என்று கவனியுங்கள். மூன்று பேர் மின் பியானோ, ஆர்கனில் உட்கார்ந்திருக்கிறார்கள் (ஹான்காக், கொரியா, ஜாவினுல்), ஆனாலும் நெரிசல் தெரியாது.

இரண்டாவது ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ (1973). ‘கமீலியன்’ 15 நிமிடத்துக்கும் மேல். 6½ கட்டையை ஷட்ஜமாக வைத்தால் முதல் பகுதி முழுக்க ஷட்ஜமத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே ஊசலாடும் இரண்டே கோர்டு. ஸ்வரங்கள் மறுபடி கரகரப்பிரியா. அந்தப் பிரபலமான பேஸ் வரி பேஸ் கிட்டாரில் வாசித்ததல்ல, ஆர்ப் ஒடிசி சின்தசைசரில் ஹான்காக் வாசித்தது.

மூன்றாவதுதான் மகாவிஷ்ணு. ‘பிட்சஸ் ப்ரூ’ அதற்கும் பிறகு.

#6 சமம்_தேடி

சுருதி நகர்வது பற்றிய வாதத்தை ஒப்புக்கொள்கிறேன், என் வரிசையில் அது விடுபட்டுப் போயிற்று. ஆனால் சக்தியில் ‘புதிதாக எதுவும் இல்லை’ என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். மெக்லாக்லின் அதற்காகவே ஏப் வெக்டர் என்ற கைவினைஞரிடம் கிட்டாரை மாற்றி அமைத்தார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்து எடுத்ததால் விரலை அழுத்தித் தந்தியை வளைக்க முடிகிறது. வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் எடுக்கிறோமே, அதற்கு நெருக்கமானது அந்தக் குடைவில் கிடைக்கிறது. ஒலித்துளைக்குக் குறுக்கே தனியாக ஏழு சுருதித் தந்திகள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தவர் அவர். அதனால் ‘ஜாய்’ கேட்கும்போது வேகத்தைக் கேட்காதீர்கள், ஸ்வரம் முடியும் இடத்தில் உள்ள வளைவைக் கேளுங்கள். பிறகு மகாவிஷ்ணுவுக்குத் திரும்பினால் மின்கிட்டாரிலும் அவர் அதையே தேடுகிறார் என்று தெரியும்.

வரிசையில் நாலாவதாகவாவது வையுங்கள்.

#7 கீழ்ஸ்தாயி

நாலாவதாக என்றால் சம்மதம். அங்கே அது தன் முழு மதிப்போடு கேட்கும்.

#8 ஊசிமுனை

ஒலி பற்றிய கேள்விக்கு யாரும் வரவில்லையே, நான் எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசி ஸ்பீக்கரில் இந்த ஆல்பங்களைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். பேஸ் கிட்டாரின் திறந்த நாலாம் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். கைப்பேசி ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அண்ணன் சொல்லும் ‘நகரும் சுருதி’யை அறிவிப்பதே பேஸ்தான். அது போனால் தம்பூரா இல்லாத கச்சேரி மாதிரி, மேலே ஓடும் ஸ்வரங்கள் எதன் மேல் நிற்கின்றன என்றே தெரியாது. ஒரே பெட்டி ப்ளூடூத் ஸ்பீக்கரில் பேஸ் ஓரளவு வரும், ஆனால் இடம் வலம் பிரியாது. ‘பிட்சஸ் ப்ரூ’ கூட்டமாகக் கேட்டதற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம்.

அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு டிரம்ஸ்: இடது காதில் லென்னி வைட், வலது காதில் ஜாக் டிஜானெட். இடது பியானோ ஜாவினுல், வலது பியானோ கொரியா, லாரி யங் வாசிக்கும் பாட்டுகளில் அவர் நடுவில். அடியில் இழையும் கருமையான குழல் பென்னி மாப்பின் ஊதும் பேஸ் கிளாரினெட். முதல் தடவை இடது டிரம்ஸை மட்டும் தொடருங்கள், அடுத்த தடவை வலது. மூன்றாவது தடவை யாரையும் தொடர வேண்டாம். ‘ஃபேரோஸ் டான்ஸ்’ ஒரே மூச்சில் வாசித்தது அல்ல, 19 இடங்களில் நாடாவை வெட்டி ஒட்டியது. திடீரென்று ஒரு சொற்றொடர் அச்சு அசலாகத் திரும்பினால் உங்கள் நினைவு பிசகவில்லை, கத்தரி வேலை. இன்னொன்று: 1998இல் வந்த பெட்டித்தொகுப்பு மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலவை செய்தது. ஸ்ட்ரீமிங்கில் இரண்டு பதிப்பும் மாறி மாறி வரும், ஒப்பிடும்போது குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சில ஆல்பங்கள் பிறவியிலேயே கரகரப்பானவை. டோனி வில்லியம்ஸ் லைஃப்டைமின் ‘எமர்ஜென்சி!’ (1969) பதிவிலேயே சிதறியிருக்கும். அதைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கரையோ ஊசியையோ மாற்றக் கிளம்ப வேண்டாம். உபகரணத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் வெதர் ரிப்போர்ட்டின் ‘ஹெவி வெதர்’ (1977) போடுங்கள். அதில் கரகரத்தால் கோளாறு உங்கள் பக்கம்.

நம் கூடங்கள் கான்கிரீட் சுவர், ஓட்டுத்தரை. ஸ்பீக்கரை மூலையில் தள்ளினால் பேஸ் வீங்கி எல்லா ஸ்வரமும் ஒரே ‘டும்’ ஆகிவிடும். பின்சுவரிலிருந்து 30 முதல் 50 செ.மீ. முன்னே இழுங்கள், பக்கச் சுவரிலிருந்து அதைவிடச் சற்றுக் கூடுதலாக, இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டாம். ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு தடித்த விரிப்பு. அலமாரிப் பலகையில் நேராக வைக்காமல் அடியில் ரப்பர் அல்லது நுரைப்பட்டை. பலகை வழியாகச் சுவருக்கும் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போவது அந்த அதிர்வுதான். ஒலியைக் குறைத்தாலும் டிரம்ஸின் சிம்பல் குறைவதற்கு முன் பேஸ் காதுக்குக் காணாமல் போகும், காதின் இயல்பு அது. ஆகவே இரவு பத்தரைக்கு மேல் ஸ்பீக்கரை மெல்ல வைத்துக் கேட்பதைவிட ஹெட்ஃபோனே இந்த இசைக்கு நியாயம். எம்ஆர்டியில் கேட்பவர்கள் காதை முழுதாக அடைக்கும் வகையைப் போடுங்கள். ரயிலின் இரைச்சல் பேஸ் இருக்கும் இடத்தில்தான் வந்து உட்காரும்.

#9 பொங்கோல்_இரவு

அக்கா, இசைத்தட்டில் கேட்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். அமெரிக்காவிலிருந்து பழைய டர்ன்டேபிள் வரவழைக்கிறார்கள் நிறையப் பேர்.

#10 ஊசிமுனை

அதில் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வாங்கினால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் சரியாகாது. மின்னோட்டத்தின் அலைவைப் பிடித்து ஓடும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் என்றால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்று. 2 கட்டைப் பாட்டு கீழ் 7 கட்டைக்கும் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். தம்பூரா வைத்துச் சோதிப்பவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்! 50 ஹெர்ட்ஸுக்கான கப்பியை மாற்ற வேண்டும், அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். டிசி மோட்டாருக்கும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கும் இந்தத் தொல்லை இல்லை, வோல்ட்டை மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்தது பக்கத்தின் நீளம். ‘பிட்சஸ் ப்ரூ’ தலைப்புப் பாட்டு ஒரே பக்கத்தில் ஏறக்குறைய 27 நிமிடம். அவ்வளவு நீளத்தை அடக்கக் கோடுகளை நெருக்கி, ஒலியளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே விநாடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடும், உள் ஓரத்தில் 21 செ.மீ.தான். அதே டிரம்பெட் ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படுகிறது. ஆகவே பக்கம் முடியும்போது கரகரத்தால் முதலில் ஊசியின் எடையையும் கோணத்தையும் பாருங்கள். உதாரணமாக ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2.0 கிராம். ‘தட்டு பாவம்’ என்று எடையைக் குறைப்பவர்கள் உண்டு. குறைந்த எடையில் ஊசி பள்ளத்தில் குதித்து அதிகமாகக் கீறும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் காகித உறை பூஞ்சைக்கு விருந்து. உட்காகிதத்தைப் பாலித்தீன் உள்பூச்சு உறையாக மாற்றி, ஈரம் 50 விழுக்காட்டைத் தாண்டாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள்.

#11 கண்டநடை

எல்லோருக்கும் நன்றி. ‘ஸோ வாட்’ தம்பூராவோடு போட்டால் 2½ கட்டைக்குப் போவது பளிச்சென்று தெரிகிறது. இரண்டு சந்தேகம்.

‘கமீலியன்’ போட்டால் தாளம் தலைகீழாகிறது. பேஸ் தொடங்கும் இடத்தைச் சமமாக வைத்தால் டிரம்ஸ் வந்ததும் எல்லாம் தள்ளிப் போகிறது. இரண்டாவது, ‘ஹெவி வெதர்’ முதல் பாட்டு ‘பேர்ட்லாண்ட்’ தொடக்கத்தில் கிட்டார் வாசிப்பது யார்? குழுப் பட்டியலில் கிட்டாரே இல்லை.

#12 கீழ்ஸ்தாயி

‘கமீலியன்’ அதீத எடுப்பு. பேஸ் சமத்துக்கு முன்னாலேயே சில ஸ்வரம் ஏறிவந்து, 6½ கட்டை ஷட்ஜமத்தில் விழுகிறதே, அந்த விழும் இடம்தான் சமம். முதல் ஸ்வரத்தைப் பிடிக்காதீர்கள், ஏறி நிற்கும் ஸ்வரத்தைப் பிடியுங்கள்.

கூடவே இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டும். நம் கை சமத்தில்தான் பலமாகத் தட்டும். ராக், ஃபங்க் வழி வந்த ஃப்யூஷனில் 4இல் இரண்டாவதும் நாலாவதும்தான் ஸ்னேர் டிரம்மின் இடம். காலை ஒன்றிலும் மூன்றிலும் வையுங்கள், கையை இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள். பத்து நிமிடத்தில் உடம்பு ஏற்றுக்கொள்ளும். பில்லி கோபமின் ‘ஸ்பெக்ட்ரம்’ (1973) ஆல்பத்தில் ‘ஸ்ட்ராட்டஸ்’ இதற்கு அருமையான பயிற்சி. பேஸ் வரி அசையாமல் நிற்கும், கோபம் எவ்வளவு சிதறடித்தாலும் நீங்கள் அந்த வரியைப் பிடித்தே நிற்கலாம்.

‘பேர்ட்லாண்ட்’ தொடக்கத்தில் கேட்பது கிட்டார் அல்ல, ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ். இடக்கை விரல் ஸ்வரத்தை அழுத்த, வலக்கைக் கட்டைவிரல் அதே தந்தியை மேலே லேசாகத் தொட, மற்ற விரல் மீட்டும். இப்படிச் செயற்கை ஹார்மோனிக் எடுத்தால் தந்தி மேல்ஸ்தாயியில் பேசும். அதே ஆல்பத்தில் ‘டீன் டவுன்’ பாட்டில் டிரம்ஸும் அவரேதான். மெட்டுகளைப் பிடுங்கி எடுத்த பேஸ் என்பதால் ‘எ ரிமார்க் யூ மேட்’ பாட்டில் அவர் ஸ்வரத்துக்குள் நுழையும் விதம் கோட்டுவாத்தியத்துக்கு நெருக்கமானது. இந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் போதாது.

#13 பொங்கோல்_இரவு

எல்லாம் எழுபதுகளிலேயே நிற்கிறதே. இந்த நூற்றாண்டு?

#14 சமம்_தேடி

நியாயமான கேள்வி. நம் காதுக்கு நேராகப் பேசும் இரண்டு ஆல்பம் சொல்கிறேன்.

ருத்ரேஷ் மஹந்தப்பாவின் ‘கின்ஸ்மென்’ (2008). அவரும் கத்ரி கோபால்நாத்தும் ஆல்டோ சாக்ஸஃபோன், ஏ. கன்யாகுமரி வயலின், பூவலூர் ஸ்ரீஜி மிருதங்கம். ஒரே வாத்தியத்தில் இரண்டு பள்ளி. யார் வாசிக்கிறார் என்று கண்ணை மூடிக் கண்டுபிடியுங்கள்: ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கி இணைந்தால் கத்ரி, ஒவ்வொரு ஸ்வரத்தையும் கூர்மையாகத் தொட்டு நகர்ந்தால் மஹந்தப்பா. பலர் இருவரும் சேர்ந்து வாசிக்கும் இடங்களை மட்டும் ரசித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடத்தில்தான் அண்ணன் சொன்ன அந்த ‘மடிப்பு’ இருக்கிறது.

இரண்டாவது ‘தீர்த்தா’ (2011). விஜய் ஐயர் பியானோ, பிரசன்னா கிட்டார், நிதின் மிட்டா தபலா. பியானோவில் கமகம் கிடையாது, கிட்டாரில் உண்டு. பியானோ கோர்டு மாற்ற, கிட்டார் அதன் மேல் கமகம் வைப்பது எவ்வளவு கடினம் என்று கேட்டால் புரியும். கோர்டு மாறிய கணமே அசைவின் பொருளும் மாறிவிடுகிறது. இதை சக்திக்கு அடுத்து ஐந்தாவதாக வைக்கலாம்.

ஸ்னார்க்கி பப்பியின் ‘வி லைக் இட் ஹியர்’ (2014) உற்சாகமானது. ரசிகர்கள் ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்திருக்க, ஸ்டுடியோவிலேயே நேரடியாகப் பதிவானது. ‘லிங்கஸ்’ பாட்டில் கோரி ஹென்றியின் கீபோர்டு சோலோ மட்டும் போதும் அதை வாங்க. கமாசி வாஷிங்டனின் ‘தி எபிக்’ (2015) மூன்று வட்டு, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ஒரு நாளைக்கு ஒரு வட்டு போதும்.

#15 ஊசிமுனை

நேரில் கேட்பவர்களுக்கு ஒரு வரி. எஸ்பிளனேட் கச்சேரி அரங்கம் முழங்குவதற்கென்றே கட்டியது. மின்வாத்தியக் குழு வந்தால் அந்த முழக்கத்தைத் திரைச்சீலைகள் இறக்கி அடக்குவார்கள். அப்படியும் மேல் அடுக்கில் டிரம்ஸ் கொஞ்சம் கரையும். ஃப்யூஷன் குழுவுக்குக் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி எடுங்கள், முதல் வரிசைகள் வேண்டாம்.

#16 கண்டநடை

‘கமீலியன்’ சரியாகிவிட்டது, ஏறி நிற்கும் ஸ்வரம்தான் சமம். ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 18ம் கடைசி வரை பிசகாமல் வருகிறது. கடைசியாக ஒன்று. ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேமி’ல் ‘டான்ஸ் ஆஃப் மாயா’. தொடக்கம் 10. நடுவில் ப்ளூஸ் மாதிரி மாறுகிறது, அது எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை. முடிவில் இரண்டும் ஒன்றாக ஒலிக்கின்றன. எப்படிப் பொருந்துகின்றன?

#17 சமம்_தேடி

நடுப்பகுதியை 20 என்று எண்ணுங்கள், அடங்கும். முதல் பகுதியின் 10 இரண்டு முறை போனால் ஒரு 20. அதனால்தான் கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றை வைக்க முடிகிறது. இரண்டு வேறு பாட்டு மாதிரி கேட்டவை ஒரே சட்டத்துக்குள் வெட்டியவை என்று அப்போதுதான் தெரியவரும்.

பயிற்சி இப்படிச் செய்யுங்கள். நடுப்பகுதி வந்ததும் ப்ளூஸைக் கையில் மட்டும் பிடியுங்கள், வாயில் எதுவும் சொல்ல வேண்டாம். மூன்று நாலு தடவை கை உறுதியான பிறகு, பாட்டை நிறுத்தி, கையை விடாமல் வாயில் முதல் பகுதியின் 10ஐ இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். இருபதாவது எண்ணிக்கையில் கையும் வாயும் சேர வேண்டும். சேராவிட்டால் பெரும்பாலும் வாய்தான் ஓடியிருக்கும், கை அல்ல. சேர்ந்ததும் கடைசிப் பகுதியை முதலில் கிட்டாரைப் பிடித்து ஒரு முறை, பிறகு டிரம்ஸைப் பிடித்து ஒரு முறை கேளுங்கள்.